செருப்புக்கு மேனேஜர்

ரசவடையைச் சூடாகச் சாப்பிட வேண்டும். ஆறிவிட்டால் அது வெறும் ஊறிய வடை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. வெளியூரில் இருந்து யாராவது படிக்கக்கூடும் என்பதற்காகச் சொல்கிறேன். என் வேலைநாள் ரசவடையில்தான் தொடங்கும்.

கோட்டாறில் டாக்டர் முத்துநாயகம் அவர்களுடைய கிளினிக்கில் நான் மேனேஜர். பெயர் சிவதாணு. சம்பளம் எழுதுகிற இடத்தில் அட்டெண்டர் என்று இருக்கும். அது ஆடிட்டருடைய சௌகரியத்துக்காக. மேனேஜர் என்று பொறித்த பேட்ஜை வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நானே சொல்லிச் செய்து வாங்கினேன். டாக்டர் ஒருமுறை அதை உற்றுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பெரிய மனிதர்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

கிளினிக்குக்கு எதிர்த்தாற்போல் பகவதியம்மாளின் டீக்கடை. விடியும்போதே அடுப்பு எரியும். கிண்ணத்தில் இரண்டு வடை, மேலே ஒரு கரண்டி ரசம், கொஞ்சம் மல்லித்தழை. முதல் கிண்ணம் எனக்கு என்பது எழுதப்படாத ஏற்பாடு. அதைச் சாப்பிட்டு, கடுங்காப்பி குடித்து, பேட்ஜைக் குத்திக்கொண்டு சாலையைக் கடந்து கேட்டைத் திறக்கும்போது, காத்து நிற்பவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். உத்தியோகத்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது. அந்த நேரத்தில் நான் சிரிப்பதில்லை. சிரித்தால் குறைந்துவிடும்.

டாக்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்டிக்காரர், கைராசிக்காரர். அவர் பெயருக்குப் பின்னால் வருகிற பட்டங்கள் எங்கள் மதில்சுவரில் அடங்காமல், பக்கத்து ஃபோட்டோ ஸ்டூடியோக்காரரிடம் அனுமதி கேட்டு அவருடைய சுவரிலும் கொஞ்ச தூரம் போகும். கடைசியில் இருக்கிற எழுத்துக்கள் என்ன படிப்பு என்று கேட்டால் டாக்டரே சற்று யோசிப்பார்.

முன்பு எங்களிடம் டோக்கன் இருந்தது. நான்தான் கொடுப்பேன். அந்தக் காலத்தில் தோவாளையில் இருந்து வருகிறவர்கள் என் வீட்டுக்காரிக்குப் பிச்சிப்பூ கொண்டுவருவார்கள். கடற்கரையில் இருந்து வருகிறவர்கள் வாழையிலையில் பொதிந்து நெய்மீன் கொண்டுவருவார்கள். வாய்விட்டுக் கேட்டு நான் எதையும் வாங்கியதில்லை. வெறுங்கையோடு வருகிறவர்களை ஞாபகம் வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். ஒருநாள் ஒருவர் பெரிய வருக்கைப் பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, என்னைத் தேடாமல் நேராக டாக்டரிடமே போய், இதைச் சிவதாணு அண்ணாச்சியிடம் எங்கே இறக்குவது என்று கேட்டுவிட்டார்.

அதற்கப்புறம் டாக்டர் எங்கோ தலைமைப்பண்புப் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்தார். வந்த மறுநாளே டோக்கனை ஒழித்தார். இனிமேல் நோயாளிகள் வருகிற வரிசைப்படி தங்கள் செருப்பைக் கழற்றி வராந்தாவில் ஒன்றன்பின் ஒன்றாக வைக்க வேண்டியது. செருப்பின் வரிசைதான் ஆளின் வரிசை. கூட வருகிறவர்களின் செருப்பு கணக்கில் இல்லை. சீக்காளியின் செருப்பு மட்டும். வைத்துவிட்டு மரத்தடியில் உட்காரலாம், டீக்கடைக்குப் போகலாம், இடம் போகாது. எங்கள் பக்கத்தில் விடியற்காலை வரிசைக்குச் செருப்பையும் கல்லையும் போட்டுவிட்டுப் போகிறது பழைய வழக்கம்தான். டாக்டர் அதற்குக் காலணி ஜனநாயகம் என்று பெயர் வைத்தார். ஏதோ சங்கக் கூட்டத்தில் அதைப் பற்றி ஒரு மணிநேரம் பேசினார்; பொன்னாடை போர்த்தினார்கள். செருப்புக்குச் சாதி தெரியாது, சிபாரிசு தெரியாது, செருப்பு யாருக்கும் பலாப்பழம் கொடுக்காது என்றார். கடைசி வரியைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

பின்வாசல் ஒன்று உண்டு. டாக்டரின் சங்க நண்பர்கள் அதன் வழியாக வருவார்கள். அவர்கள் ஷூவைக் கழற்றுவதில்லை. ஜனநாயகம் முன்வாசலோடு சரி.

எனக்கு மிச்சம் விட்டுவைத்தது ஒரு பூவரசங்கம்பு. ஒருவர் உள்ளே போனதும் வரிசையைக் கம்பால் முன்னே தள்ள வேண்டும். வாசல்படியில் தொடங்கி, குரோட்டன்ஸ் சட்டியைத் தாண்டி, வராந்தா வளைவில் திரும்பி, தண்ணீர்க் குழாய் வழியாக கேட் வரைக்கும் செருப்புகள் போகும். முறை வந்ததும் கூப்பிடுவேன்: நீல வார், பச்சை ஹவாய், புது லெதர். கூப்பிட்ட செருப்புக்குரிய ஆள் எழுந்து ஓடிவருவார். எத்தனை பெரிய ஆளும் அந்த நேரத்தில் பச்சை ஹவாய்தான். இதுவும் எனக்குப் பிடிக்கும். இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் எரிச்சல்களும் உண்டு. ஃபோனில் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசுகிறவர்கள். மின்விசிறியை என்னிடம் கேட்காமல் போடுகிறவர்கள். முறை எப்போ வரும் என்று நொடிக்கொருதரம் கேட்கிறவர்கள். அர்ஜென்ட் என்கிறவர்கள். எல்லாருமே அர்ஜென்ட் என்றுதான் சொல்வார்கள். கால் ஆணிக்கு வந்தவர்கூட. நிஜமாகவே அவசரம் உள்ளவன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவான், இங்கே வரமாட்டான் என்பது டாக்டரின் கொள்கை. முன்வாசல் கொள்கை.

இந்த எரிச்சல்களுக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. விடியற்காலையில் செருப்பை வைத்துவிட்டு எல்லாரும் டீக்கடைக்கும் குழாயடிக்கும் போயிருக்கிற நேரத்தில், கம்பால் ஒரு ஜோடியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவைப்பேன். ஒருநாளைக்கு ஒரு ஜோடி. சில நாள் அதுவும் கிடையாது. இதைச் சீர்செய்வது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். அதிகமாகத் தூங்கிவழிந்து வந்தவருக்குச் சற்று முன்னால் இடம் கிடைக்கும், அதிகாரம் பண்ணுகிறவர் சற்று நேரம் மின்விசிறியின் காற்றை அனுபவிப்பார். யாருக்கும் நஷ்டம் இல்லை. முன்னாலும் நகர்த்தியிருக்கிறேன். கர்ப்பிணிகளை நகர்த்தியிருக்கிறேன். நெத்திலிக் கருவாடு கொண்டுவந்த ஒரு பெண்ணையும் நகர்த்தியிருக்கிறேன். அவள் கர்ப்பிணி இல்லை.

வராந்தாவில் ஒரு கேமரா இருக்கிறது. அது டாக்டரின் காரை மட்டும் பார்த்தபடி இருக்கும்.

மைதீன் கனி என்பவருக்கு வருகிறேன். தேங்காப்பட்டணத்துக்காரர். முன்பு துணிக்கடை வைத்திருந்து, இப்போது சும்மா இருந்தார். நல்ல உயரம், மெல்லிய குரல். சர்க்கரைக்காக மாதாமாதம் வருவார். கூடவே அவர் மனைவி கதீஜா உம்மாள். ஒரே மகன் ரிஜ்வான், அரபு நாட்டில், தம்மாமில் வேலை. செருப்பு, பழைய தவிட்டு நிறத் தோல்செருப்பு. அடிப்பாகம் தேய்ந்து, டயர் ரப்பர் வைத்துத் தைத்தது. வராந்தாவில் வேறு யாருக்கும் அப்படி ஒன்று கிடையாது.

ஒருநாள் வரிசையை நான் கம்பால் தள்ளிக்கொண்டிருந்தபோது, அவர் என் பேட்ஜைக் கண்ணாடி போட்டு வாசித்தார். வாசித்துவிட்டுக் கேட்டார்: “அப்பம் இந்தச் செருப்புக்கெல்லாம் நீங்கதான் மேனேஜரா?”

வராந்தா முழுக்கச் சிரித்தது. கால் ஆணிக்காரரும் சிரித்தார். நர்ஸ் ரேஷ்மி உள்ளே இருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவள் என்னைச் செருப்பு மேனேஜர் என்றுதான் கூப்பிட்டாள். மைதீன் கனிக்கு என் முகம் மாறியது தெரிந்திருக்க வேண்டும். அடுத்த மாதம் வந்தபோது, மகன் கொடுத்துவிட்டதாகச் சொல்லி ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்தார். தமாஷாகச் சொன்னது, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். நான் மனதில் எதையும் வைத்துக்கொள்கிறவன் இல்லை என்று சொன்னேன். பழம் நன்றாக இருந்தது.

பிறகு ஒருநாள் நடந்ததற்கும் அந்தச் சிரிப்புக்கும் சம்பந்தம் உண்டா என்று நானே பலமுறை யோசித்துவிட்டேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது. அன்றைக்கு நடந்தது வேறு. பகவதியம்மாளின் கடையில் கேஸ் தீர்ந்துபோய், முதல் ஈட்டிலேயே வடை குறைவு. நான் போகும்போது கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“தீந்து போச்சு அண்ணாச்சி,” என்றாள். “கடைசிக் கிண்ணத்த அந்தத் தேங்காப்பட்டணத்து உம்மா வாங்கிட்டுப் போனாவ. அவிய மாப்பிளைக்கு ராத்திரி பூரா வாய்வாம். சூடா ரசம் குடிச்சா எறங்கும்லா.”

வாய்வுக்கு ரசம் நல்லது. இதில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு ரசவடைக்காக ஒரு மனிதருடைய செருப்பில் கைவைக்கிற அளவுக்கு நான் சின்ன ஆள் இல்லை. வெறும் கடுங்காப்பியைக் குடித்துவிட்டுச் சாலையைக் கடந்தேன். அன்றைக்குக் கேட்டை முன்கூட்டியே ரேஷ்மி திறந்துவிட்டிருந்தாள். அதாவது நான் திறக்கவில்லை. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்புகள் பாட்டுக்கு வரிசையில் இருந்தன. தோல்செருப்பு குரோட்டன்ஸ் சட்டிக்குப் பக்கத்தில், அதாவது வாசலுக்குக் கிட்டத்தில், நல்ல இடத்தில் இருந்தது. முதல் பஸ்ஸுக்கே வந்திருந்தார்கள்.

மைதீன் கனி சிமெண்டு பெஞ்சில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். வடையைத் தொடவில்லை, ரசத்தை மட்டும் குடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், “வாங்க மேனேஜர்,” என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. அப்போது என் காதில் அது அப்படி விழவில்லை.

கதீஜா உம்மாள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனாள். மற்றவர்கள் அங்கங்கே இருந்தார்கள். மைதீன் கனி பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நான் கம்பை எடுத்து, தோல்செருப்பை வளைவு தாண்டி, குழாயும் தாண்டி, கேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். வழக்கமாக இவ்வளவு தூரம் போவதில்லை. அன்றைக்கு டயர் ரப்பர் வழுக்கிக்கொண்டு நன்றாக நகர்ந்தது. மற்ற ஜோடிகளை நெருக்கி இடைவெளியை மூடினேன். யாரும் பார்க்கவில்லை.

டாக்டர் வழக்கம்போல் நடைப்பயிற்சி, குளியல், செய்தித்தாள் எல்லாம் முடித்து வந்து உட்கார்ந்தார். நான் கூப்பிட ஆரம்பித்தேன். நீல வார் போயிற்று. வெள்ளைப் பட்டை போயிற்று. குரோட்டன்ஸ் சட்டி காலியானது. அதற்கடுத்து இருந்தவர்கள் போய், ஊசி போட்டு, மருந்து வாங்கி, டீக்கடையில் காப்பி குடித்துவிட்டுப் பஸ்ஸுக்கும் போய்விட்டார்கள். அப்போதுதான் கதீஜா உம்மாள் எழுந்து வந்து வரிசையைப் பார்த்தாள்.

“எங்க செருப்பு அந்தச் செடிச்சட்டிகிட்ட கெடந்துது,” என்றாள். “நான்தான் வச்சேன். இப்பம் கேட்டுகிட்ட கெடக்கு.”

நான் பொறுமையாகவே பேசினேன். செருப்பு எங்கே இருக்கிறதோ அதுதான் இடம், அது டாக்டரின் ஏற்பாடு, நான் வெறும் மேனேஜர் என்றேன். அவள் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். சாட்சிக்கு யாராவது வருவார்கள் என்று நினைத்தாள்போல. யாரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு ஜோடி பின்னால் போனதில் ஒவ்வொருவரும் ஒரு இடம் முன்னால் வந்திருந்தார்கள். பச்சை ஹவாய்க்காரர் ஒருவர், எல்லாரும்தான் அதிகாலையில் வருகிறோம், பிந்தி வந்துவிட்டுச் சண்டைபோட்டால் எப்படி என்றார். இன்னொரு பெண் ஆமாம் என்றாள். அதற்குமேல் அது நான் சொன்ன விஷயமாக இல்லாமல், வராந்தாவே சேர்ந்து சொன்ன விஷயமாக ஆகிவிட்டது.

கதீஜா உம்மாள் விடவில்லை. “அவியளுக்கு நெஞ்சு கரிக்குது. மொத வண்டிக்கு வந்திருக்கோம். பொய் சொல்லுவனா?”

பெஞ்சில் இருந்து மைதீன் கனிதான் அவளைக் கூப்பிட்டார். அவர் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. “விடு பிள்ளே. நாமதான் பிந்தியிருப்போம். செருப்பு எங்க போயி பொய் சொல்லும்.”

அவள் திரும்பிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவருடைய நெற்றியைத் துடைத்தாள். நிறைய வேர்த்திருந்தது. அன்றைக்கு நல்ல வெயில்.

கொஞ்ச நேரத்தில் ரேஷ்மி வெளியே வந்தாள். அவள் தாழ்ந்த குரலில் பேசியது இதுதான்: “அண்ணா, அந்த மைதீன் காக்காக்கு வேர்த்து ஒழுகுது. மொகமும் ஒருமாதிரி இருக்கு. உள்ள விட்டுருவமா?”

“இன்னைக்கு ஒருத்தர விட்டா நாளைக்கு எல்லாரும் வேர்த்துட்டு வருவாவ,” என்றேன். “சார் வந்து நம்மட்ட கேப்பாரு.”

அவள் திரும்பி ஒருமுறை பெஞ்சைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் வேலை முக்கியம்.

அந்தச் சமயத்தில் பின்வாசலில் டாக்டரின் சங்க நண்பர் ஒருவர் வந்தார். மலையேறப் போகிறாராம், உடம்பு தகுதியாக இருக்கிறது என்று டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும். எழுதுகிற வேலை சீக்கிரம் முடிந்திருக்கும், சிரிப்புதான் முடியவில்லை. கதவுக்கு வெளியே அது நன்றாகக் கேட்டது. வரிசை நின்றுபோயிற்று. செருப்புகள் எல்லாம் அப்படியே கிடந்தன. தோல்செருப்பு வளைவுக்கு வந்திருந்தது.

மைதீன் கனி சத்தம் எதுவும் போடவில்லை. பெஞ்சில் இருந்து ஒரு பக்கமாகச் சரிந்தார். கதீஜா உம்மாள் போட்ட சத்தத்தில்தான் சிரிப்பு நின்றது.

டாக்டர் ஓடிவந்தார். அதை மறைக்கக்கூடாது, வெறுங்காலோடு ஓடிவந்தார், தரையில் முழங்கால் போட்டு நெஞ்சை அமுக்கினார், ஊசி போட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குள் முடிந்துவிட்டது. கைகழுவும்போது டாக்டர் ரேஷ்மியிடம், ஒரு அரைமணிநேரம் முன்னால் என் கண்ணில் பட்டிருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பிழைக்கவைத்திருக்கலாம் என்றார். நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். குரோட்டன்ஸ் சட்டி காலியான நேரத்தை அவர் கணக்குப் போட்டுச் சொன்னதுபோல் இருந்தது. ஆனால் அவருக்குச் சட்டியைப் பற்றித் தெரியாது. என்னைப் பார்த்து, எப்போது வந்தார்கள் என்று கேட்டார்.

“பிந்தித்தான் சார் வந்தாவ,” என்றேன்.

டாக்டர் தலையசைத்தார். ஜனங்களுக்கு விழிப்புணர்வு போதாது என்றார். அடுத்த வாரம் வராந்தாவில் ஒரு பலகை மாட்டினார். நேரத்தே வருவீர், நலம் பெறுவீர் என்று எழுதி, பக்கத்தில் டாக்டர் கைகூப்பி நிற்கிற படம். அதை மாட்டும்போது ஏணியைப் பிடித்தது நான்.

ஆனால் அன்றைக்கு நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. ஆம்புலன்ஸ் போனதும் டாக்டர் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி பார்க்கத் தொடங்கினார். காத்திருந்தவர்களை அனுப்ப முடியாதல்லவா. நான் வரிசையைத் தள்ளினேன், கூப்பிட்டேன், தள்ளினேன். என் கை பழகிய கை. வாய் பழகிய வாய். பச்சை ஹவாய் வெளியே வந்ததும், “தோல்செருப்பு,” என்று கூப்பிட்டேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. வராந்தாவே என்னைப் பார்த்தது. நான் கம்பால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த ஜோடியைக் கூப்பிட்டேன்.

அதற்கப்புறம் நான் எதையும் சீர்செய்வதில்லை. வரிசையில் ஒரு செருப்பு கோணலாக இருந்தால்கூட அதன் சொந்தக்காரரைக் கூப்பிட்டு அவரையே நேராக்கச் சொல்கிறேன். நான் கண்டிப்பானவனாகிவிட்டேன் என்று டாக்டர் பாராட்டினார். நாகராஜா கோயிலுக்கு வெள்ளிதோறும் போவேன். இப்போது வீட்டில் இருந்தே வெறுங்காலோடு போகிறேன். தார்ரோட்டில் கால் வெந்துவிடுகிறது. வேண்டுதலா என்று தெருவில் கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன். என்ன வேண்டுதல் என்று யாரும் கேட்பதில்லை. அந்த மரியாதை எங்கள் தெருவில் இருக்கிறது. தூக்கம் வருகிறது. சாப்பாடும் இறங்குகிறது. வீட்டுக்காரி மட்டும், தூக்கத்தில் எதற்குக் காலை இழுத்து இழுத்து மடக்குகிறீர்கள் என்று கேட்கிறாள்.

மழைக்காலம் தொடங்கியபிறகு கதீஜா உம்மாள் வந்தாள். தனியாக வந்திருந்தாள். மதியம், கூட்டம் கலைந்த நேரம். ஆள் பாதியாகியிருந்தாள். அவருடைய செருப்பு இங்கே விட்டுப்போயிற்று, இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. பின்பக்க ஷெட்டில் ஒரு பேப்பரில் பொதிந்து வைத்திருந்தேன். எறிந்துவிடலாம் என்று பல தடவை எடுத்தேன். எடுத்த இடத்திலேயே வைத்தேன். கொண்டுவந்து கொடுத்தேன். அவள் பொதியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டு, அதே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“எனக்கு ஒரு காரியம் தெரியணும்,” என்றாள். “அன்னைக்கு நாங்க எப்பம் வந்தோம்? நீங்கதான எல்லாரையும் பாக்கியது.”

நான் எதற்கு என்று கேட்டேன். அவள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இவர்கள் பிந்தி வந்தார்கள் என்று டாக்டர், நர்ஸ், அன்றைக்கு வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் சொன்னது ஊர்வரைக்கும் போய்விட்டது. ரிஜ்வானும் அதையே கேள்விப்பட்டான். வாப்பாவுக்கு நெஞ்சு கரிக்கும்போது உம்மா வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தாள், எதற்குப் பிந்தினாள் என்று ஃபோனில் கேட்டான். அன்றிலிருந்து அவன் பேசுவதில்லை. இவளும் தினமும் அந்தக் காலையைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறாள். கோழிக்கூட்டைத் திறந்துவிட நின்றேனே, அதிலா பிந்தியது. ரிப்போர்ட்டை மறந்துவிட்டு வாசல் நடையில் இருந்து திரும்பிப் போனேனே, அதிலா. முதல் பஸ் என்று நினைத்து ஏறியது இரண்டாவது பஸ்ஸாக இருக்குமோ.

“செருப்ப செடிச்சட்டிகிட்ட வச்சது நல்ல ஓர்மை இருக்கு,” என்றாள். “ஆனா அவியளே பிந்திட்டோம்னு சொல்லிட்டாவ. அவிய பொய் சொல்ல மாட்டாவ. அப்பம் எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு. ஒங்களுக்குத் தெரிஞ்சத சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

ஒரு மனிதனிடம் இப்படி நேருக்கு நேர் கேட்டால் அவன் என்ன செய்ய முடியும். உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் எடுத்தேன். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அதனால் அவளுக்கு என்ன லாபம் என்று யோசித்தேன். கணவன் விதியால் போனான் என்று இருக்கிறவளிடம், ஒரு பூவரசங்கம்பால் போனான் என்று சொல்வதா. ஞாபகம் இல்லை என்று சொல்லலாம். அது அவளை இன்னும் கோழிக்கூட்டுக்கும் நடைக்கும் அலையவிடும். எனக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது. அதனால் வேறொன்று சொன்னேன்.

“அன்னைக்கு பஸ்ஸு பிந்தித்தாம்மா வந்துது,” என்றேன். “தேங்காப்பட்டணம் வண்டில வந்த அத்தன பேரும் பிந்தித்தான் வந்தாவ. ஒங்க குத்தம் ஒண்ணும் கெடையாது.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது. முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அழுது முடித்தபோது அவள் முகத்தில் இருந்து ஏதோ இறங்கியிருந்தது. படைச்சவன் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான் என்றாள். பிறகு ஃபோனை எடுத்து, இதை என் மகனிடமும் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் நம்பமாட்டான் என்றாள்.

ரிஜ்வான் படத்தில் தெரிந்தான். அப்பாவின் உயரம் தெரியவில்லை. கண் அதே கண். நான் பஸ்ஸைப் பற்றி இன்னொருமுறை சொன்னேன். இரண்டாவது முறை சொல்லும்போது கூடுதல் தெளிவாக வந்தது. டிப்போவில் டயர் மாற்றிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். உம்மா என்று ஒரே ஒரு சொல் சொன்னான். அவள் ஃபோனை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். ஒரு குடும்பம் ஒன்றுசேர்ந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று அந்த நிமிடத்தில் நான் சந்தோஷப்பட்டேன் என்பதை ஒளிக்கவில்லை.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஃபோனை வைக்கப்போகிற நேரத்தில் ரிஜ்வான் என்னைக் கேட்டான்: “அண்ணாச்சி, வாப்பா கடசியா ஒங்கள்ட்ட ஏதும் சொன்னாவளா?”

உம்மாவை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்றேன். அவன் அதைக் கேட்டுக்கொண்டான். நல்ல பிள்ளை.

மைதீன் கனி என்னிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். கண்ணை மூடியிருந்தார் என்றும் எழுதியிருக்கிறேன். அது சரியில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் அவருடைய செருப்பை நிறுத்திவிட்டு நான் நிமிர்ந்தபோது, பெஞ்சில் அவர் கண்ணைத் திறந்துதான் உட்கார்ந்திருந்தார். ஆரம்பத்தில் இருந்தே பார்த்திருக்கிறார். கோபப்படவில்லை, கூப்பிடவில்லை. நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, திரும்ப வைத்துவிடுவேன் என்று எனக்காகக் காத்திருந்தார். வைப்பதற்கு நேரம் இருந்தது. வராந்தாவில் வேறு யாரும் இல்லை. ஆனால் நான் திரும்ப வைத்தால், முதலில் நகர்த்தியது நான்தான் என்று ஆகிவிடும் அல்லவா.